பெண்கள் ரக்பியில் ஜெயிக்க வைப்பது மன உறுதி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆண்டு இறுதி விளையாட்டுத் தொகுப்பில் பெண்கள் ரக்பி உலகக் கோப்பைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் ரக்பிக்கே இடம் கிடைப்பது அபூர்வம், அதில் பெண்கள் ரக்பி என்றதும் காபியைக்கூட ஆற விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது. 2025 செப்டம்பர் 27 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது, 81,885 பேர் பார்த்தார்கள், வீராங்கனைகள் அழுதார்கள், குடும்பத்தைக் கட்டிப்பிடித்தார்கள், மன உறுதி வென்றது. இவ்வளவுதான் கட்டுரை. எப்படி ஜெயித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. தோற்ற கனடாவுக்கு மட்டும் மன உறுதி இல்லையா என்ன?

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் ரக்பி ஆடினேன், ஹூக்கர் இடத்தில், அதாவது ஸ்க்ரம்மில் (இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து முட்டித் தள்ளுகிற இடம்) முன்வரிசையின் நட்ட நடுவில் நின்று, வெளியே போன பந்தை லைன்அவுட்டில் உள்ளே எறிகிற ஆள். இப்போது மாலை நேரங்களில் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உலகக் கோப்பை ஆட்டங்களை போனில் பார்த்து, நிறுத்தி, பின்னால் ஓட்டித் திரும்பப் பார்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஐபிஎல் ஆட்டம் என்றால் கடைசி ஓவரில் யார்க்கர் எங்கே விழுந்தது, ஏன் மூன்றாவது ஆளை டீப்பில் நிறுத்தவில்லை என்று நாலு பத்தி எழுதுகிறீர்கள். பெண்கள் ஆட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் ஏழ்மை, அம்மாவின் தாலி அடகு, கண்ணீர். 2025 நவம்பரில் நம் பெண்கள் கிரிக்கெட்டில் உலகக் கோப்பையை வாங்கியபோதும் இதே கதைதான். இறுதி ஆட்டத்தில் தீப்தி சர்மா 58 ரன்னும் அடித்து 5 விக்கெட்டும் எடுத்தார், எந்தப் பந்தில் எப்படி எடுத்தார் என்று தேடினால் அவருடைய வீட்டைப் பற்றித்தான் படிக்கக் கிடைத்தது. வீட்டைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் ஆட்டத்தையும் எழுதுங்கள்.

ரக்பிக்கு வருகிறேன். பெண்கள் ரக்பியில் ஒரு ஆட்டம் எங்கே திரும்புகிறது என்று புரிய, 2025 இறுதி ஆட்டத்தைவிட 2022 இறுதி ஆட்டம்தான் நல்ல பாடம். நவம்பர் 12, ஆக்லாந்து ஈடன் பார்க், 42,579 பேர். இங்கிலாந்து அதற்கு முன்னால் தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்து வந்த அணி. நியூசிலாந்துக்குச் சொந்த ஊர். முடிவு நியூசிலாந்து 34, இங்கிலாந்து 31. இதையும் அன்றைக்கு எல்லோரும் 'சொந்த மண்ணின் உணர்ச்சி' என்றுதான் எழுதினார்கள்.

அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து போட்ட ட்ரைகள் ஐந்து (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் ட்ரை, ஐந்து புள்ளி). அதில் நான்கு ஒரே மாதிரி வந்தவை, லைன்அவுட்டிலிருந்து மோல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் இரண்டு அணியும் இரண்டு வரிசையாக நிற்கும், ஹூக்கர் நடுவில் நேராக எறிய வேண்டும், இரண்டு பேர் ஒருத்தியைத் தொடையைப் பிடித்து மேலே தூக்க அவள் பந்தைப் பிடிப்பாள். தரைக்கு இறங்கியதும் சக ஆட்டக்காரர்கள் அவளைச் சுற்றிப் பிணைந்துகொண்டு, பந்தைக் கடைசி ஆளிடம் கடத்தி வைத்துவிட்டு, ஒட்டுமொத்தமாக எதிரணியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். தேர் நகர்கிற மாதிரி இருக்கும், முதலில் அசையாது, ஒரு இடத்தில் லேசாக ஆடும், அசைந்துவிட்டால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம். இங்கிலாந்தின் ஹூக்கர் ஏமி கோகெய்ன் அன்றைக்கு அடித்த மூன்று ட்ரையும் இந்த ரகம்தான், அந்தக் குவியலின் வாலில் பந்தை அணைத்துக்கொண்டு போய் விழுந்தவை. மார்லி பேக்கர் அடித்ததும் அப்படியே.

இது பார்க்க அழகாக இருக்காது, டிவியில் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் பெண்கள் ரக்பியில் உச்சத்தில் இருக்கிற அணிக்கும் அடுத்த படியில் இருக்கிற அணிக்கும் உள்ள தூரம் இந்த இடத்தில்தான் முதலில் தெரியும். காரணம் எளிது. எட்டுப் பேர் ஒரே நொடியில் ஒரே பக்கம் தள்ளுவதற்கு, எட்டுப் பேரும் வாரத்தில் பல நாள் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும். ஓட்டத்தைத் தனியாக வளர்க்கலாம், ஜிம்முக்குத் தனியாகப் போகலாம், மோலைத் தனியாகப் பழக முடியாது. வேலை முடிந்து வாரம் இரண்டு சாயங்காலம் கூடுகிற அணியும், அதையே தொழிலாக வைத்திருக்கிற அணியும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகவே முடியாது. பணம் ஆட்டத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அவ்வளவு பலமான மோல் இருந்தும் இங்கிலாந்து ஏன் தோற்றது? முதல் 15 நிமிடத்துக்குள் 14-0 என்று முன்னால் இருந்தார்கள். 18-வது நிமிடத்தில் விங் ஆட்டக்காரர் லிடியா தாம்ப்சன், நியூசிலாந்தின் போர்ஷா உட்மனை டேக்கிள் செய்ய, அதாவது பிடித்து வீழ்த்தப் போய் தலையோடு தலை மோதி, சிவப்பு அட்டை. வேண்டுமென்று செய்ததல்ல, ஆனால் நிமிர்ந்து நின்றபடி போனால் இதுதான் நடக்கும். மீதி 62 நிமிடமும் 14 பேர். அதுவும் போனது விங், ஓரத்தைக் காக்கிற ஆள். நியூசிலாந்து அன்று அடித்தது ஆறு ட்ரை. எதிரணி முட்டி மோதித் தள்ளப் பார்க்கும், நாம் பந்தை ஓரத்துக்குக் கடத்தி ஓட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பயிற்சியாளர் வெய்ன் ஸ்மித்தின் திட்டமே. ஓரத்தில் ஒரு ஆள் குறைந்தது அந்தத் திட்டத்துக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. வெற்றி ட்ரையைப் பாருங்கள். தெரசா ஃபிட்ஸ்பேட்ரிக் தடுப்புச் சுவருக்குப் பின்னால் பந்தைத் தட்டி உதைக்க, ஸ்டேசி ஃப்ளூலர் ஓடிப்போய் எடுத்து, விழுகிற நிலையிலேயே அயேஷா லெட்டி-ஈகாவிடம் கொடுத்துவிட்டார். சுவருக்குப் பின்னால் அந்த வெற்றிடம் எப்படி வந்தது? 15 பேர் நிற்க வேண்டிய அகலத்தில் 14 பேர் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்ததால் வந்தது.

அட்டை விவகாரத்தை இத்துடன் விட மனமில்லை, ஏனென்றால் இப்போது விதியே மாறியிருக்கிறது. 2025 உலகக் கோப்பையில், வேண்டுமென்றே செய்யாத தவறுக்குச் சிவப்பு அட்டை என்றால் 20 நிமிடம் கழித்து வேறொருவரை இறக்கலாம். 2022-இல் இந்த விதி இருந்திருந்தால் இங்கிலாந்துக்குக் கடைசி 40 நிமிடமும் 15 பேர் இருந்திருப்பார்கள். கோப்பை யாருக்குப் போயிருக்கும் என்று இப்போதும் ரக்பி ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ஆனால் அட்டையின் விலை அந்த ஆட்டத்தோடு முடிவதில்லை என்பதை பிரான்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2025 காலிறுதியில் எக்ஸிட்டர் மைதானத்துக் காற்றில் அயர்லாந்திடம் பாதி ஆட்டத்தில் 0-13 என்று பின்தங்கி, பிற்பாதியில் எழுந்து 18-13 என்று ஜெயித்தார்கள். ஜெயித்து என்ன பயன்? அந்த ஆட்டத்தில் எதிராளியைக் கடித்ததற்காக அக்செல் பெர்தூமியூவுக்குத் தடை, ஆபத்தான டேக்கிளுக்காக அணித்தலைவர்களில் ஒருவரான மனாயே ஃபெலேயுவுக்கும் தடை. இரண்டு பேருமே ஸ்க்ரம், மோல் மாதிரி முட்டலுக்கு வேண்டியவர்கள். அவர்கள் இல்லாமல் அரையிறுதியில் இங்கிலாந்திடம் 17-35. அவர்கள் இருந்திருந்தால் பிரான்ஸ் ஜெயித்திருக்கும் என்று சொல்லவில்லை. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு முக்கியமான ஆட்களை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

2022-இன் கடைசி நிமிடத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் ஹூக்கர் என்ற முறையில் என் தூக்கத்தைக் கெடுத்த நிமிடம் அது. 34-31. நேரம் முடிந்துவிட்டது, இதுதான் கடைசி வாய்ப்பு. இங்கிலாந்துக்கு ஒரு பெனால்டி. கம்பத்துக்கு உதைத்து 3 புள்ளி எடுத்தால் சமன், கூடுதல் நேரம். அவர்கள் மூலைக்கு உதைத்து 5 மீட்டர் லைன்அவுட் கேட்டார்கள். பலர் இதை ஆணவம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு ட்ரை கொடுத்த ஆயுதத்தை ஐந்தாவது முறை எடுக்காமல் யார் விடுவார்கள்? ஆனால் எறிகிறவளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பந்து நேராகப் போக வேண்டும், தூக்குகிற இரண்டு பேரின் கை உயர்கிற அதே நேரத்துக்குப் போக வேண்டும், எதிரில் நிற்பவளின் விரலுக்கு ஒரு சாண் மேலே போக வேண்டும். எறிகிற கை வியர்த்திருக்கும், எண்பது நிமிடம் முட்டி மோதியதில் தோள் கனத்திருக்கும், காதில் நாற்பதாயிரம் பேரின் கூச்சலில் சொன்ன குறிச்சொல் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருக்கும். எதிரணிக்கும் சூதாட்டம்தான். தரையில் நின்று மோலைத் தடுப்பதா, எகிறிப் பந்தைப் பறிப்பதா? எகிறித் தவறவிட்டால் தள்ளுவதற்கு ஆள் இருக்காது, ட்ரை நிச்சயம். நியூசிலாந்தின் ஜோனா ஙான்-வூ எகிறினார். கை பட்டது. பந்து சிதறியது. கோப்பை அங்கே போனது. இதை 'மன உறுதி' என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவது அந்த இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் செய்கிற அநியாயம்.

இங்கிலாந்து அதற்கப்புறம் 2025 உலகக் கோப்பை முடியும்வரை தோற்கவே இல்லை. 30 வெற்றி, ஒரு தோல்வி, பிறகு 2025 இறுதி ஆட்டம் வரை 33 வெற்றி. இந்தக் கணக்கைப் பார்த்தாலே அவர்கள் ஏதோ ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு ஜெயிக்கிற அணி இல்லை என்று தெரியவில்லையா?

இப்போது கனடா. 2025 அரையிறுதி, பிரிஸ்டலில், நடப்புச் சாம்பியனும் ஆறு முறை கோப்பை வென்றதுமான நியூசிலாந்தை கனடா 34-19 என்று வெளியேற்றியது. இந்த ஆட்டத்தைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். கனடா ஜெயித்ததற்குக் காரணம் பெரும்பாலும் 'ரக்' என்கிற ஒரு சின்ன விஷயம். பந்து வைத்திருப்பவளை வீழ்த்தியதும் அவள் பந்தைத் தன் பக்கம் தரையில் வைப்பாள். சக ஆட்டக்காரர்கள் ஓடிவந்து எதிரணியைத் தள்ளி விலக்க, பின்னால் இருப்பவள் எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பாள். இது மூன்று நொடிக்குள் நடந்தால் எதிரணி இன்னும் எழுந்து வரிசையில் நின்றிருக்காது. ஐந்து ஆறு நொடி ஆனால் அவர்கள் வந்து சுவர் கட்டிவிடுவார்கள். கனடா அன்று முதல் பாதியில் பந்தைத் திரும்பத் திரும்ப அவ்வளவு சீக்கிரம் எடுத்தது. நியூசிலாந்துக்காரர்கள் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாக்குதல் வந்துவிட்டது. பாதி ஆட்டத்தில் 24-7. நியூசிலாந்தின் வேகமான ஆட்டக்காரர்கள் கையில் பந்து சேரவே இல்லை. பந்து கைக்கு வராத ஓட்டக்காரி எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன?

அப்படியானால் இறுதி ஆட்டத்தில் அதே கனடா ஏன் 13 புள்ளியோடு நின்றது? இங்கிலாந்து அந்த மூன்று நொடியைக் குறிவைத்து அடித்தது, அதனால்தான். விழுந்தவளுக்குப் பக்கத்தில் தன் காலில் நின்றபடியே குனிந்து பந்தைப் பிடித்துக்கொண்டால், அவள் விட்டே ஆக வேண்டும், விடாவிட்டால் பெனால்டி. பிராப் ஹன்னா போட்டர்மன் இதில் ராணி. முன்வரிசையில் ஸ்க்ரம் தள்ளுகிற கனத்த ஆள், ரக்கில் கழுகு மாதிரி வந்து இறங்குவார். பக்கத்தில் சேடியா கபேயா ஓய்வே இல்லாமல் டேக்கிள் மேல் டேக்கிள் போட்டார், ஆட்ட நாயகி விருதும் அவருக்குத்தான். ஆரம்பத்தில் ஐந்தாவது நிமிடத்தில் ஏஷியா ஹோகன்-ரோச்செஸ்டர் ட்ரை அடித்து கனடாதான் முன்னிலை பெற்றது என்பதை மறந்துவிட வேண்டாம். அதற்குச் சில நிமிடத்தில் எல்லி கில்டன் தனியாக வளைந்து நெளிந்து ஓடிப் போட்ட ட்ரை எல்லோருடைய போனிலும் சுற்றியது. நியாயம்தான், அழகான ட்ரை. ஆனால் அடுத்து ஏமி கோகெய்ன் மோலிலிருந்து அடித்தார், அலெக்ஸ் மேத்யூஸ் இரண்டு முறை கோட்டுக்குப் பக்கத்தில் முட்டி நுழைந்தார். ஸ்க்ரம்மும் மோலும் கோட்டுக்கு நெருக்கமான முட்டலும்தான் ஆட்டத்தை கனடாவிடமிருந்து மெல்ல மெல்லப் பிடுங்கின. இதெல்லாம் ரீல்ஸில் வராது.

உதையையும் சொல்லியாக வேண்டும். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஸோயி ஹாரிசன் ஐந்து கன்வர்ஷனில் (ட்ரைக்குப் பிறகு கம்பத்துக்கு உதைத்து இரண்டு புள்ளி எடுப்பது) நான்கைப் போட்டார். கனடா தன் இரண்டு ட்ரைக்கும் கன்வர்ஷன் எடுக்கவில்லை. கனடா விட்ட அந்த நான்கு புள்ளி அன்று முடிவை மாற்றியிருக்காது. 2022 அரையிறுதியில் ஒரு உதை மாற்றியது. நியூசிலாந்து 25, பிரான்ஸ் 24. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பிரான்சின் கரோலின் துருவான் உதைத்த பெனால்டி கம்பத்துக்கு வெளியே போனது. அந்த ஒரு உதை உள்ளே போயிருந்தால் ஈடன் பார்க் கதையே கிடையாது, வெய்ன் ஸ்மித்தை இன்றைக்கு யாரும் மேதை என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயம், ஆண்கள் ரக்பியை வைத்துப் பெண்கள் ரக்பியை அளக்கக் கூடாது. பெண்கள் ஆட்டத்தில் 50 மீட்டரிலிருந்து கம்பத்துக்கு உதைப்பது அபூர்வம், அதனால் பெனால்டி கிடைத்தால் மூலைக்கு உதைத்து லைன்அவுட் கேட்பதுதான் வழக்கம், அதனால்தான் மோலுக்கு இவ்வளவு மதிப்பு. ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கிறது பாருங்கள். ஒரு பெனால்டியை விட்டுக்கொடுப்பதன் விலை பெண்கள் ஆட்டத்தில் மூன்று புள்ளி இல்லை, ஏழு. முழங்கால் தசைநார் கிழிவதும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். கனடாவின் சோஃபி டி கூட் 2024-இல் அப்படி முழங்காலில் காயப்பட்டு, அறுவை சிகிச்சை செய்து, திரும்பி வந்து, 2025 உலகக் கோப்பை முழுக்க லைன்அவுட்டையும் நடத்தி கம்பத்துக்கும் உதைத்து அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீராங்கனை ஆனார். ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையில், லாக் இடத்தில் ஆடுகிற ஆள் கோல் உதைப்பது எவ்வளவு அபூர்வம் என்று ரக்பி தெரிந்தவர்களைக் கேளுங்கள். இவரைப் பற்றி உங்கள் அரைப் பக்கத்தில் பெயர்கூட இல்லை.

பணத்துக்கு வருவோம். இங்கிலாந்து 2019 ஜனவரியில் 28 பெண்களுக்கு முழு நேர ஒப்பந்தம் கொடுத்தது. அதாவது சம்பளம், மருத்துவர், ஓய்வு, ஆட்ட வீடியோவை உட்கார்ந்து அலசுகிற ஆள், எல்லாம். நியூசிலாந்து தங்கள் பதினைந்து பேர் ஆட்ட அணிக்கு 2022-இல்தான் முழு நேர ஒப்பந்தம் கொடுத்தது. கனடா? 2025 உலகக் கோப்பைக்குத் தயாராகப் பணம் போதாமல் 10 லட்சம் கனடா டாலர் இலக்கு வைத்துப் பொதுமக்களிடம் வசூல் செய்தார்கள். உண்டியல் குலுக்கி வந்த அணி இறுதி ஆட்டம் வரை வந்தது பெரிய விஷயம். சந்தேகமே இல்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 50 நிமிடத்துக்கு அப்புறம் பெஞ்சிலிருந்து இறக்கிய முன்வரிசை வேறு பல நாடுகளில் முதல் அணியிலேயே ஆடக்கூடியது. களைத்த கால்களுக்கு எதிராகப் புதிய கால்கள்.

பெஞ்ச் என்றால் என்ன என்று காட்ட 2025 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் காலிறுதி ஒன்றே போதும். நியூசிலாந்துக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 10-10. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், பெரிய அதிர்ச்சி வரப்போகிறது என்று. முடிவு 46-17. பிற்பாதியில் தென்னாப்பிரிக்கா மனதை விட்டுவிட்டதா? இல்லவே இல்லை. நுரையீரல் விட்டுக்கொடுத்தது. டேக்கிள் போட்டுவிட்டு எழுந்து வரிசைக்கு வருவதற்கு ஒரு நொடி கூடுதலாக ஆனது, அந்த ஒரு நொடிக்குள் நியூசிலாந்து பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அடிமட்டத்தில் இன்னும் மோசம். சமோவா முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 0-73, அடுத்து நார்தாம்ப்டனில் இங்கிலாந்திடம் 3-92. அந்த 3 புள்ளி ஹார்மனி வாடாவ் உதைத்த பெனால்டி, அந்தத் தொடரில் சமோவாவுக்குக் கிடைத்த முதல் புள்ளி. இங்கிலாந்து ரசிகர்களே எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஆரவாரத்தைவிட 92 என்ற எண்தான் உறுத்தியது. ஒரு அணிக்கு உடற்பயிற்சி நிபுணர், உணவு ஆலோசகர், வருடம் முழுக்க லீக் ஆட்டம். இன்னொரு அணியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இதில் யாருக்கு மன உறுதி அதிகம் என்று கேட்டால் நான் சமோவா என்றுதான் சொல்வேன்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்தியப் பெண்கள் அணி பதினைந்து பேர் ரக்பியில் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது 2018-இல்தான். அடுத்த ஆண்டு மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது, இந்த வடிவத்தில் நம் முதல் வெற்றி. அதுவும் ஆட்டம் முடிகிற தறுவாயில் சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டியில் வந்தது. மறுபடியும் ஒரு உதை! நம் பெண்களுக்கு வேகம் இருக்கிறது. பீகாரின் ஸ்வீட்டி குமாரி மாதிரி தடகளத்திலிருந்து வந்தவர்கள் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. என்னிடம் வருகிறவர்களில் கபடி ஆடி வந்த பெண்கள் நிறைய. கணுக்காலையும் தொடையையும் பிடித்துப் பழகிய கை என்பதால் தாழ்வான டேக்கிள் அவர்களுக்குச் சொல்லித்தராமலே வருகிறது. தலையில் மோதி அட்டை வாங்குகிற பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லை. இது சின்ன வரம் இல்லை.

எங்கே அடி வாங்குகிறோம் என்றால் ஸ்க்ரம்மிலும் லைன்அவுட்டிலும். நம் நாட்டில் பெண்கள் பெரும்பாலும் ஆடி வளர்வது ஏழு பேர் ரக்பி. ஏழு நிமிடம் ஏழு நிமிடமாக இரண்டு பாதி, ஸ்க்ரம்முக்கு மூன்று மூன்று பேர், மோலுக்கு அதில் வேலையே இல்லாத மாதிரிதான். ஒலிம்பிக்கில் இருப்பது அந்த வடிவம் என்பதால் பணமும் அங்கேதான் போகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டுப் பேர் பிணைந்து தள்ளுவதை பதினைந்து வயதில் பழகாத பெண் இருபத்திரண்டு வயதில் திடீரென்று பழக வேண்டும் என்றால் எப்படி? எங்கள் மைதானத்தில் ஸ்க்ரம் பயிற்சிக்கான இரும்புத் தள்ளு வண்டி கிடையாது. கோல் கம்பம் கிடையாது. கால்பந்து கோலுக்கு மேலே உதைக்கச் சொல்கிறேன். லைன்அவுட் எறிய விளக்குக் கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறோம், மழை பெய்தால் அழிந்துவிடும். பூட்ஸ் எல்லாம் ஆண்களின் பாதத்துக்கு அளவெடுத்தது. குதிகால் அகலமாக இருக்கும், பெண் பிள்ளைகளுக்கு உள்ளே பாதம் வழுக்கும், முன்னால் சாக்ஸைத் திணித்துக்கொண்டு ஓடுகிறார்கள். திடீரென்று திரும்பும்போது கால் திரும்பும், பூட்ஸ் திரும்பாது. முழங்கால் என்ன ஆகும்?

இந்தப் பிள்ளைகளிடம் உங்கள் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். 'மன உறுதி இருந்தா போதுமா மிஸ்?' என்று ஒருத்தி கேட்டாள். லைன்அவுட்டில் என்னைப் போலவே பந்து எறிகிற பெண். போதாது, நாளைக்கு சீக்கிரம் வா, எறிந்து பழகலாம் என்றேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த பெண்கள் உலகக் கோப்பை 2029-இல் ஆஸ்திரேலியாவில். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், ஒவ்வொரு வருடமும் ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் பெண்கள் சிக்ஸ் நேஷன்ஸ் நடக்கிறது. ஆட்டம் பற்றிச் செய்தி போடும்போது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். சொந்த லைன்அவுட்டில் எத்தனை எறிந்து எத்தனை கிடைத்தது, எத்தனை பெனால்டி விட்டுக்கொடுத்தார்கள், ரக்கில் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார்கள், எத்தனை நிமிடம் ஆள் குறைவாக ஆடினார்கள், உதைத்ததில் எத்தனை உள்ளே போனது. ஐந்து வரி. ஆட்ட நடத்துநர்களே இந்தக் கணக்கை எல்லாம் வெளியிடுகிறார்கள், தேடி அலைய வேண்டியதில்லை. வீராங்கனையின் அம்மா அழுத படம் பக்கத்திலேயே இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம், என் ராசியையே எடுத்துவிடுங்கள், நான் ரிஷபம்.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரியும், வெட்டித்தான் போடுவீர்கள். வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றிச் சொன்ன பத்தியை வெட்டுங்கள், ஙான்-வூ எகிறிய பத்தியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
பெரம்பூர், சென்னை.